பிளாட்பாரத்தில் வசிப்பவரைத் தினமும் கடந்துபோகிறோம், எப்படி நடந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. வேலை மாறி எழும்பூர் பக்கம் குடிவந்திருக்கிறார். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பிளாட்பாரத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, மூடிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். காசு கொடுத்தால் "நீதான் அவங்களைப் பழக்கிவிடறே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கொடுக்காமல் போனால் மனசு குத்துகிறது. அதனால் இப்போதெல்லாம் போனைப் பார்த்தபடியே அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார். ஆறு வயது மகள் வேறு, "அவங்க ஏன் இங்க தூங்கறாங்க?" என்று கேட்கிறாள். இவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி என்பது அவர் கேள்வி.

இதைப் பிச்சை போடலாமா கூடாதா என்ற கேள்வியாகச் சுருக்கிவிடுவது சுலபம். அவர் கேட்டது அதைவிடக் கஷ்டமானது. தினமும் பார்க்கிற ஒரு மனிதரைப் பார்க்காத மாதிரி போகவும் கூடாது, கேட்காமல் அவர் வாழ்க்கைக்குள் நுழைந்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எப்படி நடப்பது?

நான் சமூகப்பணி படித்தவன். சென்னையில் வீடற்றோர் காப்பகங்களிலும், இரவில் தெருவில் தங்குபவர்களைப் போய்ப் பார்க்கும் களவேலையிலும் பல வருஷம் இருந்திருக்கிறேன். மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. தெருவில் நானே வாழ்ந்ததும் கிடையாது. கேட்டும் பக்கத்தில் இருந்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல முடியும். அதுவும் பாரிமுனை, சென்ட்ரல், எழும்பூர் வட்டாரத்தில் தெரிந்துகொண்டது. மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு இல்லாதவருக்குக் கூரை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் கதவும் இல்லை என்பதை நாம் யோசிப்பதில்லை. நம் வீட்டுக்கு வருகிறவர் மணி அடித்துவிட்டு நிற்க வேண்டும். திறப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பம். பிளாட்பாரத்தில் இருப்பவரிடம் யாரும் எந்த நேரத்திலும் நேராகப் போய் நிற்கலாம். எழுப்பலாம், விசாரிக்கலாம், படம் எடுக்கலாம், மூட்டையை நகர்த்தலாம், பொட்டலத்தைக் கையில் திணிக்கலாம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடமே இருப்பதில்லை. அந்த இடத்தை அவருக்குக் கொடுப்பதைத்தான் நான் மரியாதை என்று சொல்வேன். கீழே சொல்கிற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதலில், நீங்கள் பார்ப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது என்பதிலிருந்து தொடங்குங்கள். வீடில்லாதவர் என்றாலே பிச்சை எடுப்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரைத் தனியாக, பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தடி, படிக்கட்டுக்கு அடி, பெரிய குழாய்களுக்குள், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று திறந்தவெளியில் இருந்தவர்கள்தான் அந்தக் கணக்கு. நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர் வந்தார்கள், அதில் 9.4 லட்சம் பேர் நகரங்களில். ஒரே இரவில் எண்ணியதால் விடுபட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இத்தனை பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. வடசென்னையில் மூன்று நான்கு தலைமுறையாக ஒரே தெருவின் பிளாட்பாரத்தில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள். பெண்கள் பூ விற்பார்கள், வீட்டு வேலைக்குப் போவார்கள், கடைவாசல் பெருக்குவார்கள். அந்தத் தெருவில் நேற்றுக் கடை போட்டவரைவிட அவர்கள்தான் பழைய குடி. இன்னொரு பக்கம் வேலை தேடி வந்து வாடகை கட்டுப்படியாகாமல் தெருவில் படுப்பவர்கள். சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரி வாசலில் இரவில் படுத்திருப்பவர்களில் பலர், உள்ளே இருக்கும் நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஊரில் அவர்களுக்கு வீடு இருக்கும். அப்புறம், பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன முதியவர்கள், அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்த பெண்கள், மனநோயோடு அலைபவர்கள். உங்கள் தெருவில் இருக்கும் குடும்பமும் அந்தப் படியில் இருக்கும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்களே தவிர, இருவருடைய நிலைமையும் அநேகமாக வேறு வேறாகத்தான் இருக்கும். ஒருவருக்குச் சரியாக வருவது மற்றவருக்கு வராது.

போனைப் பார்த்துக்கொண்டு போவதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், இது மனித மூளை பழகிக்கொள்கிற ஒரு விஷயம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பலவகை மனிதர்களின் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். இன்னொரு மனிதரைப் பற்றி யோசிக்கும்போது வழக்கமாக வேலை செய்கிற ஒரு பகுதி, வீடற்றவர்களின் படத்தைப் பார்க்கும்போது அவ்வளவாக வேலை செய்யவில்லை. அடுத்த கட்ட ஆய்வில், படத்தில் இருப்பவருக்குக் குறிப்பிட்ட ஒரு காய்கறி பிடிக்குமா என்று யோசிக்கச் சொன்னார்கள். அப்போது அந்தப் பகுதி வேலை செய்யத் தொடங்கியது. இதை நான் அளவாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் படம் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். படம் பார்ப்பது வேறு, எழும்பூரில் ஒருவரை நேரில் கடப்பது வேறு. ஆனாலும் களத்தில் பார்த்ததோடு இது பொருந்துகிறது. அந்தம்மாவுக்குக் காபி பிடிக்குமா டீ பிடிக்குமா என்று ஒரு நாள் யோசித்துவிட்டால், மறுநாள் போனைப் பார்த்தபடி தாண்டுவது கஷ்டமாகிவிடும்.

பார்த்தால் போதுமா, பேச வேண்டுமா? தினமும் கடப்பவரிடம் ஒரு தலையசைப்பு போதும். அவர் திருப்பித் தலையசைக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்து, "சாப்ட்டீங்களாம்மா?" என்று வாயில் வந்தால் கேளுங்கள். நம்மூரில் இது தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, சாப்பாடு வாங்கித் தருவதாக அர்த்தம் ஆகாது. அம்மா, ஐயா, அக்கா, அண்ணே எதுவாகவும் இருக்கட்டும். வாங்க போங்க கட்டாயம் இருக்கட்டும். ஐம்பது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் "ஏய், எந்திரி, தள்ளு" என்று சொல்வது நம் தெருக்களில் சர்வசாதாரணம். நீங்கள் "நீங்க" என்று சொல்வது அவர் காதில் தனியாக விழும். உட்கார்ந்திருப்பவரிடம் பேச நின்றால், தலைக்கு மேல் நிற்காமல் கொஞ்சம் தள்ளி, முடிந்தால் குனிந்தோ குந்தியோ பேசுங்கள். தூங்குபவரை எழுப்ப வேண்டாம், உதவி செய்யக்கூட எழுப்ப வேண்டாம். தெருவில் இரவுத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பெண்கள் பலர் இரவெல்லாம் அரைத் தூக்கத்தில் இருந்துவிட்டு விடிந்த பிறகுதான் கண் அசருவார்கள். காலை ஒன்பது மணிக்கும் தூங்கும் பெண்ணைப் பார்த்து "சோம்பேறி" என்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

பேச்சு வளர்ந்தால், எடுத்த எடுப்பில் "ஏன் இங்க வந்தீங்க? பிள்ளைங்க இல்லையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் வாழ்க்கையின் மிக மோசமான அத்தியாயத்தை முன்பின் தெரியாத ஆள் நின்றபடி கேட்கிறார், அதுவும் வருகிற போகிற எல்லாரும் கேட்கிறார்கள். சிலர் சலித்துப்போய் ஒரு கதையைத் தயாராகவே வைத்திருப்பார்கள். அது பொய் என்று பின்னால் தெரிந்தால் கோபப்படவும் வேண்டியதில்லை. உங்கள் பெயரை முதலில் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்டால் நீங்களும் பதில் சொல்லுங்கள், என்ன வேலை, எந்த ஊர் என்று. அந்தக் குடும்பத்தில் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள், மறுக்காதீர்கள். நாம் கொடுத்துக்கொண்டே இருந்து அவர்கள் வாங்கிக்கொண்டே இருந்தால், அந்த உறவில் மரியாதை ரொம்ப நாள் தங்காது.

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கேட்காதவருக்குக் காசு நீட்டாதீர்கள்; உழைத்துச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு அது அவமானமாக இருக்கலாம். கேட்டவருக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுத்தால் கையில் கொடுங்கள், எறியாதீர்கள். குடிக்காதே, வேலைக்குப் போ என்று கூடவே புத்தி சொல்லாதீர்கள். கொடுக்க விருப்பமில்லை என்றால் முகத்தைப் பார்த்து "இப்ப இல்லம்மா" என்று சொன்னால் போதும். காசு இல்லை என்பதைவிடக் காது கேட்காத மாதிரி போவதுதான் வலிக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "காசு கொடுத்தால் குடிக்கத்தான் போகும்" என்று பலர் சொல்லும் வாதத்துக்கு ஓரளவு பதில் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் வீடற்றவர்கள் 50 பேருக்கு ஒரே தவணையில் ஆளுக்கு 7,500 கனடிய டாலர் கொடுத்து ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-இல் ஆய்வு வெளிவந்தது. குடிக்கோ போதைப்பொருளுக்கோ செய்யும் செலவு கூடவில்லை. தெருவிலும் காப்பகத்திலும் கழிந்த நாட்கள் குறைந்தன. ஆனால் கடுமையான போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை, தொகையும் பெரியது. பத்து ரூபாய் நாணயத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன்: பிச்சை கேட்கும் குழந்தை கையில் காசு கொடுக்க வேண்டாம். குழந்தை சம்பாதிக்கிறது என்று ஆகிவிட்டால் பள்ளிக்கூடம் கிட்டே வராது. ஆபத்தில் இருக்கும் குழந்தை என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பிறந்தநாள், திவசம், தலைவர் பிறந்தநாள் என்றால் ஒரே தெருவில் மூன்று வண்டி வந்து நிற்கும். மதியம் பொட்டலம் கட்டிய சாம்பார் சாதம் இரவு பத்து மணிக்கு வரும், பிரித்தால் வாடை அடிக்கும். அதை வேண்டாம் என்றால் "பார், திமிரை" என்பார்கள். இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டால் கழிப்பறைக்கு எங்கே போவது? கட்டணக் கழிப்பறை பூட்டியிருக்கும். பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள்; நீர்க்கடுப்பும் கிட்னி தொந்தரவும் அவர்களிடம் அதிகம் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் எங்களுக்குத் தோன்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள், பல் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர்களும் இருக்கிறார்கள். ஏழைக்கு என்ன ருசி என்று நினைத்துவிடுகிறோம். "டிபன் வாங்கப் போறேன், உங்களுக்கு ஏதாவது வேணுமா, என்ன வேணும்?" என்று கேளுங்கள். தோசை வேண்டாம், ஒரு பன்னும் டீயும் போதும் என்றால் அதை வாங்கிக் கொடுங்கள். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். தெருவில் இருக்கும் பலர் அங்கே போவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. அங்கே காசு கொடுத்து, டோக்கன் வாங்கி, எல்லாரோடும் வரிசையில் நின்று சாப்பிடலாம். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டைவிட அதிகம் உதவுகிற, ஆனால் யாருக்கும் தோன்றாத சில விஷயங்கள் உண்டு. போன் சார்ஜ் போட ஒரு பிளக். உங்கள் கடையிலோ ஆபீஸிலோ கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி. குடிதண்ணீர். மாதவிடாய்க்கு நாப்கின், அதையும் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தனியாகக் கேட்டுக் கொடுப்பது நல்லது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு தார்ப்பாய், செருப்பு, கொசுவலை. ஆதார், வாக்காளர் அட்டை விஷயத்தில் படிவம் நிரப்பித் தருவது. வீட்டு முகவரி இல்லாவிட்டால் ஓட்டுரிமை கிடைக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படிவம் 6-இல் தான் தூங்கும் இடத்தைக் குறிப்பிடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆனால் முடிகிறதை மட்டும் சொல்லுங்கள். "நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களால்தான் அடுத்து வருகிறவரை அவர்கள் நம்புவதில்லை. அந்தப் பழியை எங்களைப் போன்ற களப்பணியாளர்கள்தான் அப்புறம் சுமக்கிறோம்.

போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தெருவில் இருப்பவருக்கு முடி வெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, சோக இசையோடு போடும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்கிறவர்களில் நல்ல எண்ணம் உள்ளவர்களும் இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் சூழ்ந்து, ஒரு கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் எப்படி மறுப்பார்? மனநோய் முற்றிய நிலையில் இருப்பவர் சம்மதம் கொடுத்தார் என்றால் அதற்கு என்ன பொருள்? முடியும் தாடியும் அழுக்கும் சிலருக்கு ஒரு காப்பு என்பதையும் நினைத்துப் பாருங்கள். இரவில் யாரும் கிட்டே வராமல் இருக்க வேண்டுமென்றே குளிக்காத பெண்கள் உண்டு. ஊரில் சொல்லாமல் வந்தவரின் முகத்தைச் சொந்தக்காரர்கள் பார்த்துவிடலாம். அடித்தவனிடமிருந்து ஓடி வந்த பெண் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிடும். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் படம் போடுகிறோம் என்பார்கள். சில நேரம் அது நடந்தும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலைச் செய்யப் போலீஸ் இருக்கிறது. சென்னை மாநகரக் காவல்துறை 2021-இல் 'காவல் கரங்கள்' என்று இதற்காகவே ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆதரவற்றவர்களை மீட்பதும், முடிந்தால் குடும்பத்தோடு சேர்ப்பதும் அவர்கள் வேலை.

தனியாகப் பேசிக்கொண்டிருப்பவர், கோபமாகக் கத்துபவர், குப்பையைச் சேர்த்து வைத்திருப்பவர் என்றால் பயம் வருவது இயல்பு. தள்ளி நடங்கள், தவறில்லை. மரியாதை என்பதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் தெருவில் இருக்கும் மனநோயாளியால் நமக்கு வரும் ஆபத்தைவிட, நம்மால் அவருக்கு வரும் ஆபத்து பெரிது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியபோது, பழவேற்காட்டில் தெருவில் திரிந்த ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தே கொன்றார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு மூதாட்டியும் அதே வதந்தியில் செத்தார். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "சந்தேகத்துக்குரிய நபர்" என்று யாராவது ஒருவரின் படம் போட்டால், "இவர் ரொம்ப நாளா இங்கதான் இருக்கார், எனக்குத் தெரியும்" என்று நீங்கள் எழுதும் ஒரு வரி பெரிய உதவி.

மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் ஒருவர் அலைந்தால், 2017 மனநல மருத்துவச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது காவல்நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. இது சட்டம் சொல்வது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இது எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது வேறு கதை. பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் வேலை நடக்கிறது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. தெருவில் இருக்கும் மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய 'பேன்யன்' அமைப்பு இருக்கிறது. இதில் எது பொருந்தும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். எந்த நோய் என்று யூகிக்கவும் வேண்டாம்.

ஒருவர் அசையாமல் கிடந்தால் கதை வேறு. "குடிச்சிட்டுக் கிடக்கறான்" என்று எல்லாரும் தாண்டிப் போவதில் உயிர் போகிறது. சர்க்கரை இறங்கியிருக்கலாம், வலிப்பு வந்து ஓய்ந்திருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம், வெயில் தாக்கியிருக்கலாம். உரக்கக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டிப் பாருங்கள், மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் 108. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூங்குபவரை எழுப்பாதீர்கள் என்று மேலே சொன்னது இங்கே செல்லாது. வெட்டவெளி வெயிலில், கோணலாக, நடைவழியின் குறுக்கே கிடப்பவர் தூங்குகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காப்பகத்தில் சேர்த்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகம் வேண்டும் என்றது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதே அளவையும், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்ற விதியையும் வைத்தது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, மாநகராட்சியின் 1913 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம். முதியவர் என்றால் 14567, பெண் என்றால் 181. ஆனாலும் நிறையப் பேர் போக மறுப்பார்கள், அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கும். பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி. உங்கள் தெருக் குடும்பம் அங்கே போனால் மூன்றாகப் பிரிய வேண்டும். மீன்பாடி வண்டியையும் அடுப்பையும் எங்கே வைப்பது? விடிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் லோடு இறக்கப் போகிறவருக்கு, வேலை இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாட்பாரம் வசதி. பெரும்பாக்கத்தில் அரசு வீடு கிடைத்தும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தவர்களைப் பார்த்து "வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டாங்க" என்று ஏசுவார்கள். பாரிமுனையில் வேலை செய்கிறவருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வீடு கிடைத்தால், தினக்கூலியில் எவ்வளவு பஸ்ஸுக்குப் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மாவிடம் "இப்படி ஒரு இடம் இருக்கு, சாப்பாடு தருவாங்க, போக விருப்பமா? முதல்ல ஒருதடவை பாத்துட்டு வரலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். அவரிடம் சொல்லாமல் போன் போட்டு வண்டி வரவழைக்காதீர்கள். நினைவு தப்பியவர், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு மட்டும் இது விலக்கு.

அவர்களுடைய பொருட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தடியில், ஜங்ஷன் பாக்ஸ் பின்னால் செருகிய மூட்டை குப்பை மாதிரி தெரியும். உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், மாத்திரைச் சீட்டு எல்லாம் இருக்கும். சுத்தம் செய்கிறோம் என்று லாரியில் அள்ளிப்போட்டால், அந்தக் காகிதங்களை மறுபடி வாங்க ஒரு வருஷம் அலைய வேண்டும். படியில் யாரும் உட்காரக் கூடாது என்று அதிகாலையில் தண்ணீர் ஊற்றும் கடைக்காரர்களையும், அபார்ட்மென்ட் வாசலில் தடியைத் தட்டும் வாட்ச்மேனையும் பார்த்திருப்பீர்கள். வாட்ச்மேனோடு சண்டை போடாதீர்கள், அவருக்கு மேலே இருப்பவர் சொன்னதைச் செய்கிறார். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். நடைபாதையில் வசிப்பவர்கள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இலேயே உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, முன்னறிவிப்பு கொடுத்து நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்றும் சொன்னது என்பதை மறைக்க மாட்டேன். அதனால் அந்தக் கூட்டத்தில் சட்டம் பேசுவதைவிட, "விடிஞ்சதும் அவங்களே எழுந்து போயிடறாங்க, தண்ணி ஊத்தறத நிறுத்தலாமே" என்று பேசுவது பலன் தரும்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். "வாடகை கட்ட அவங்ககிட்ட காசு பத்தலை. நம்ம ஊர்ல எல்லாருக்கும் போதுமான வீடும் இல்லை" என்று உண்மையைச் சொல்லுங்கள், ஆறு வயதுக்கு அது புரியும். "படிக்கலேன்னா நீயும் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் தெருவில் போகிறவரைக் காட்டி "பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று பயமுறுத்துவதும் வேண்டாம். மேலே சொன்ன வதந்திகள் வேர்விடுவது அங்கேதான். அந்தக் குடும்பத்தில் அவள் வயதில் பிள்ளை இருந்தால் இருவரும் தாங்களாகவே பேசிக்கொள்வார்கள், பேசட்டும். வீட்டு முகவரி, பள்ளிப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எந்த அந்நியரிடமும் உள்ள விதிதான், அதை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்தநாளுக்கு அங்கே ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், முந்தின நாளே போய் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று அவர்களின் அம்மாவிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேக் வெட்டுவதாக இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், போன் பையிலேயே இருக்கட்டும்.